நீவெஸ் கேட்காமல் விட்ட கேள்வி

நீவெஸுக்கு அறுபது ஆகிறதாம். எங்கள் மனநல மையத்தின் சுவரில் ஒட்டுவதற்கு அவளைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தாருங்கள் என்று டாக்டர் ஃபுல்வியா என்னிடம் கேட்டார். வேறு ஆளே கிடைக்கவில்லையா என்றேன்.

"கிடைச்சாங்க. எல்லாரும் தேன் தடவி எழுதிட்டு வந்திருக்காங்க. நீங்க எழுதினா நாலு திட்டாவது இருக்கும்" என்றார்.

சரி, எழுதுகிறேன். ஒரு பக்கத்தில் அடங்காது, இப்போதே சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்து எழுதுகிறேன் என்றும் நினைத்துவிடாதீர்கள். சமையல் மேடைமேல் காகிதத்தை வைத்து நின்றபடி எழுதுகிறேன். இரண்டு வரிக்கு ஒரு தடவை ஜன்னல் வரை போய்த் திரும்புகிறேன். பிறந்ததிலிருந்து நான் இப்படித்தான்.

என் பெயர் டுல்லியோ. இத்தாலியில், திரியெஸ்தே துறைமுகத்தில் இருபத்துநாலு வருடம் கிரேன் ஓட்டினேன். நாற்பது மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் ஒரு நாற்காலி. என் வாழ்நாளில் நான் நிம்மதியாக உட்கார்ந்த இடம் அது ஒன்றுதான். கீழே இறங்கினால் காலும் நிற்காது, வாயும் நிற்காது. "உன்கூட குடும்பம் நடத்தறது ரயில்வே பிளாட்பாரத்துல குடும்பம் நடத்தற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் என் மனைவி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

ஐம்பத்தொரு வயதில் எனக்குத் தூக்கம் போயிற்று. முழுதாகப் பதினோரு நாள். கன்டெய்னர்களின் மேல் எழுதியிருக்கும் எண்கள் எல்லாம் எனக்கு யாரோ எழுதுகிற கடிதம் என்று தோன்ற ஆரம்பித்தது. ஒரு பெட்டியை அந்தரத்தில் தொங்கவிட்டு அரை மணி நேரம் படித்துக்கொண்டிருந்தேன். கீழே கப்பல்காரன் தலையில் அடித்துக்கொண்டு கத்தியிருக்கிறான். என்னை இறக்கிக் கூட்டிப் போனார்கள். மையத்தில் மூன்று வாரம் இருந்தேன். மாத்திரை கொடுத்து அக்டோபரில் வீட்டுக்கு அனுப்பினார்கள். துறைமுகத்தின் மருத்துவக் குழு மே மாதம் என்னைப் பார்க்கும். அவர்கள் சரி என்றால் மறுபடி கிரேன், இல்லையென்றால் இல்லை. அந்த மே மாதத்துக்காகத்தான் மாத்திரையை விழுங்கினேன், அந்த மே மாதத்துக்காகத்தான் எல்லாரையும் பார்த்துப் பல்லைக் காட்டினேன். உயிரோடு இருந்ததே அதற்காகத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நிலைமையில் டாக்டர் ஒருநாள் சொன்னார், வாரத்துக்கு ஒருமுறை உங்களோடு ஒருவர் பேச வருவார், அவர் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை, உங்களைப் போலவே இந்த வழியில் போய்த் திரும்பி வந்தவர் என்று. "ஒரு பைத்தியம் போதாதுன்னு ரெண்டா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு மையத்து வாசலில் ஒரு குள்ளமான பெண் நின்றாள். ஆம்பிளை மழைக்கோட்டு, பீட்ரூட் நிறத்தில் சாயம் போட்ட தலை.

"நான் நீவெஸ். உன் ஃபைல நான் படிக்கல, படிக்கவும் மாட்டேன். என் ஃபைல் அதைவிடத் தடிமன்" என்றாள்.

"மரியாதையா பேசும்மா. நான் என்ன உன் தம்பியா?"

"தம்பியா இருந்தா இந்நேரம் காதைத் திருகியிருப்பேன். வா, நடக்கலாம். உன்னால உக்கார முடியாதுன்னு பாத்தாலே தெரியுது."

நடந்தோம். நாலு எட்டு வைத்ததும் நின்று, விரலை நீட்டிச் சொன்னாள். "ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிடறேன். நாம பேசறது நமக்குள்ள. நான் எதையும் எழுதி வைக்கறதில்ல. உன் உசுருக்கு ஆபத்துன்னு எனக்குத் தோணினா மட்டும் டாக்டர்கிட்ட சொல்லுவேன். அதையும் உன் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுத்தான் அங்க போய்ச் சொல்லுவேன். உனக்குத் தெரியாம எதுவும் பண்ண மாட்டேன். சரியா?"

"பண்ணு, பண்ணாத, எனக்கென்ன" என்றேன்.

அவளைக் கழற்றிவிடுவதுதான் அன்றைய என் திட்டம். மேட்டில் ஏறினேன், சந்தில் புகுந்தேன், போரா என்கிற எங்கள் ஊர்ப் பேய்க்காற்று வேறு முதுகில் கை வைத்துத் தள்ளியது. திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். தொலைந்தது சனியன் என்று கடற்கரைக்கு இறங்கினால், அங்கே பைன் மரத்தடியில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். மீன்காரன் வண்டியில் ஏறி வந்திருக்கிறாள். கோட்டு முழுக்க மத்தி மீன் நாற்றம்.

"எவ்வளவு நேரமாய்யா நடப்ப? எனக்குப் பசிச்சு, ரொட்டியே தின்னு முடிச்சிட்டேன்."

இப்படியே மூன்று வாரம். நான் ஓடுவேன், அவள் எங்கேயாவது வழிமறிப்பாள். அவளுக்கு இடது முட்டியில் வலி. அதைப் பற்றி என்னைத் திட்டுவாளே தவிர வராமல் இருந்ததில்லை. நாலாவது வாரம் திடீரென்று கேட்டாள். "உண்மையைச் சொல்லு. உனக்கு நடக்கப் பிடிச்சிருக்கா, இல்ல நிக்க முடியலையா?"

யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. நிற்க முடியவில்லை என்றேன். எலும்புக்குள் எறும்பு ஊர்கிறது, படுத்தால் கால் தானாக எழுந்து போகப் பார்க்கிறது, தோலை உரித்துப் போட்டுவிட்டு ஓடலாம் போல் இருக்கிறது என்றேன். நடுத்தெருவில் அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், மறைப்பதற்கு என்ன இருக்கிறது.

"யோவ், இது உன் குணமும் இல்ல, வியாதி முத்தினதும் இல்ல. இது மாத்திரை. ரெண்டு வருஷம் எனக்கு இருந்துச்சு. நானும் எனக்குக் கிறுக்கு அதிகமாயிடுச்சுன்னு நினைச்சு வாயைப் பொத்திக்கிட்டு இருந்தேன். வா என்கூட."

டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். பேசச் சொல்லி என் விலாவில் இடித்தாள். டாக்டர் ஃபுல்வியா கேட்டுவிட்டு மாத்திரையை மாற்றினார். பத்தே நாளில் எறும்பு போய்விட்டது. மிச்சம் இருந்தது என் சொந்தப் பரபரப்பு. அதோடு எனக்கு ஐம்பது வருடப் பழக்கம்.

அன்றிலிருந்து நான் அவளிடம் பொய் சொல்வதை நிறுத்தினேன். என் தங்கை லிடியாவிடம் பொய், டாக்டரிடம் அரைப் பொய், எதிர்வீட்டு ஜெம்மா அம்மாவிடம் சிரிப்பு. நீவெஸிடம் மட்டும் உள்ளது உள்ளபடி.

அவளும் தன் கதையைத் துண்டு துண்டாகச் சொன்னாள். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் துணி திருத்தும் கடையில் தைத்துக்கொண்டிருந்தவள். கால்சட்டை மடிப்பு, கோட்டு உள்துணி, அதெல்லாம். முப்பத்துநாலு வயதில் ஊசியில் நூல் கோக்கத் தெம்பில்லாமல் போயிற்று. நாலு வருடம் அப்படி இழுத்திருக்கிறாள். பிறகு ஒரு வாரம், தையல் மெஷினைப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்தாள், குளிர்காலக் கோட்டைச் சித்தி மகளுக்குக் கொடுத்தாள், பூனையை மீன் கடைக்காரருக்குக் கொடுத்தாள்.

"அந்த வாரம் நான் பாட்டுப் பாடிக்கிட்டு இருந்தேன்யா. எல்லாரும், 'அப்பாடா, நீவெஸ் தேறிட்டா'ன்னு சொன்னாங்க. முடிவு பண்ணிட்டேன், அதான் சந்தோஷம். ஒருத்தருக்காவது, எதுக்குடி இதையெல்லாம் குடுக்கறேன்னு கேக்கத் தோணல பாரு. ஒருத்தர் கேட்டிருந்தா..."

அதற்குமேல் நான் கிளறவில்லை. எப்படியோ பிழைத்தாள். நெடுநாள் மருத்துவமனை, பிறகு மையத்துக் கூட்டுறவுச் சலவையகத்தில் இஸ்திரி போடுகிற வேலை. அப்புறம் ஒரு பயிற்சி வந்தது. 'பட்டுத் தெரிந்தவர்' என்று அதற்குப் பெயர். நோயில் அடிபட்டு எழுந்தவர்களுக்கு இன்னொருவர் பக்கத்தில் நிற்கச் சொல்லிக் கொடுப்பது. முடித்தாள், மையத்திலேயே வேலை கொடுத்தார்கள். முதல் நாள் கூட்டத்துக்குப் போனவள், பழக்க தோஷம், நோயாளி உட்காருகிற நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டாளாம். வைத்தியம் பார்த்த ஃபுல்வியாவே இப்போது கூட வேலை செய்கிறவர். இவளுக்குக் கழிப்பறைச் சாவி எதைக் கொடுப்பது, ஊழியர்களுடையதா, மற்றவர்களுடையதா என்று இரண்டு வாரம் யோசித்திருக்கிறார்கள்.

"நீ என்ன பண்ணின?"

"ரெண்டையும் குடுங்கன்னு வாங்கி வெச்சுக்கிட்டேன். எனக்கு எப்ப எது தேவைப்படும்னு யாருக்குத் தெரியும்?"

இப்படிப்பட்டவள் செய்த தப்பைத்தான் இப்போது எழுதப் போகிறேன். சுவரில் ஒட்டுகிறவர்களுக்குப் பிடிக்காவிட்டால் கிழித்துப் போடட்டும்.

மார்ச் மாதம் லிடியா எனக்கு ஒரு வீடு பார்த்தாள். விரிகுடாவுக்கு அந்தப் பக்கம், மூஜாவில். தரைத்தளம், சின்னத் தோட்டம், சமையலறை ஜன்னலில் நின்றால் துறைமுகத்துக் கிரேன்கள் வரிசையாகத் தெரியும். பார்த்த அன்றே எனக்கு மூச்சு சீரானது. இந்த ஐந்தாம் மாடியும், காற்றில் கடகடக்கும் ஜன்னல்களும், மனைவி விட்டுப்போன அலமாரிகளும் வேண்டாம் என்று முடிவு செய்தேன். வியாழக்கிழமை ஒப்பந்தத்தில் கையெழுத்து.

லிடியாவைத் தவிர வேறு யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? நடக்கப்போகிற நல்லதைக் கையெழுத்து ஆவதற்குமுன் வாய்விட்டுச் சொன்னால் அது நடக்காது. எங்கள் ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம் இது. என் அப்பாவும் துறைமுகத் தொழிலாளிதான். கப்பல் வந்து கயிறு கட்டும்வரை அதன் பெயரைக்கூடச் சொல்ல மாட்டார். நீவெஸ் மட்டும் என்ன? நல்ல செய்தி ஏதாவது பேச்சில் வந்தால் உடனே பையில் இருக்கும் சாவியைத் தொட்டுக்கொள்வாள், இரும்பைத் தொட்டால் கெட்டது ஒட்டாது என்று. என் இடத்தில் அவள் இருந்திருந்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டாள்.

புது வீடு சின்னது. எல்லாவற்றையும் எடுத்துப் போக முடியாது. தூண்டில்களைத் தெருமுனைக் காப்பிக் கடையில் கொடுத்தேன். தொட்டிச் செடிகளை ஜெம்மா அம்மாவிடம் கொடுத்தேன். காற்று வருவதை முன்கூட்டிச் சொல்லும் பித்தளை பாரோமீட்டர் ஒன்று இருந்தது, அப்பாவுடையது. தரைத்தளத்தில் காற்று யாரை என்ன செய்யப் போகிறது? செவ்வாய்க்கிழமை அதைக் காகிதத்தில் சுற்றி நீவெஸிடம் நீட்டினேன்.

"எதுக்குய்யா இது?"

"வெச்சுக்கோ. எனக்கு இனிமே வேண்டாம்."

அவள் முகம் சுண்டிப்போனது. நான் கவனித்தேன், ஆனால் முட்டி வலி என்று நினைத்தேன். அன்றைக்கு நான் விசில் அடித்துக்கொண்டிருந்தேன். கடற்கரைப் பெஞ்சில் ஐந்து நிமிடம் போல உட்கார்ந்தும் இருந்தேன். அவள் ஒரு முறை வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள்.

"எங்கயாவது போறியா?" என்று மட்டும் கேட்டாள்.

"போறதா இருந்தா உன்கிட்ட சொல்ல மாட்டேனா?" என்று சிரித்துக்கொண்டே பாக்கெட்டுக்குள் சாவியைத் தொட்டேன். அடப் பாவி டுல்லியோ!

மறுநாள் மதியம் கதவு தட்டப்பட்டது. அடுப்பில் அவரையும் புளித்த முட்டைக்கோஸும் போட்ட யோட்டா சூப் கொதித்துக்கொண்டிருந்தது. டாக்டர் ஃபுல்வியா, ஒரு ஆண் நர்ஸ். அவர்களுக்கு எட்டுப் படி கீழே, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, நீவெஸ்.

"டுல்லியோ, நாம கொஞ்சம் பேசணும்" என்றார் டாக்டர். அவர் கண் என் தோளுக்குமேல் போய், காலியான அலமாரிகளையும் சுவரில் பாரோமீட்டர் இருந்த இடத்தையும் பார்த்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. அவள் தன்னுடைய கதையை என் வீட்டில் பார்த்துவிட்டாள். அதைக்கூட மன்னித்திருப்பேன். என் மூஞ்சிக்கு நேரே சொல்லாமல் போய்ச் சொன்னாளே, அதுதான் தலைக்கு ஏறியது. வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். சொல்லவில்லை. கையெழுத்துக்கு இன்னும் ஒரு நாள் இருக்கிறது, சொன்னால் கெட்டுவிடும்! இந்த முட்டாள்தனத்துக்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வையுங்கள். கத்தினேன். படியில் நின்ற அவளைப் பார்த்து, இங்கே எழுத முடியாத வார்த்தைகளில் கத்தினேன். பிறகு சூப் பானையைத் தூக்கி எறிந்தேன்.

பானை யார் மேலும் படவில்லை, உள்ளே இருந்ததுதான் சுவரில் மோதித் தெறித்தது. ஆனால் சத்தம் கேட்டு நாலு மாடியும் படிக்கட்டுக்கு வந்துவிட்டது. யாரோ நகராட்சிப் போலீஸைக் கூப்பிட்டார்கள். இரண்டு பேர் வந்தார்கள். தலையில் முட்டைக்கோஸ் தோரணத்தோடு நின்ற நர்ஸைப் பார்த்ததும் அவர்களுக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. இரண்டு டாக்டர் கையெழுத்து, மேயர் கையெழுத்து, எங்கள் நாட்டில் அவ்வளவு போதும். கட்டாயச் சிகிச்சை, ஏழு நாள்.

கையெழுத்துக்கு நான் வரவில்லையே என்று லிடியா மறுநாள் சாயங்காலம் ஓடி வந்து வீட்டு விஷயத்தைச் சொன்னாள். டாக்டர் ஃபுல்வியா என் கட்டில் பக்கத்தில் வந்து மன்னிப்புக் கேட்டார், நாலாம் நாளே விட்டுவிட்டார். ஆனால் வியாழக்கிழமை வியாழக்கிழமைதான். வீட்டுக்காரர் இன்னொரு தம்பதிக்குக் கொடுத்துவிட்டார். மேயர் கையெழுத்துப் போட்ட காகிதமும் காகிதம்தான், ஃபைலுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

அந்த நாலு நாளும் நீவெஸ் என் அறை வாசலில் வந்து நின்றாள். செருப்பை எறிந்தேன். வீட்டுக்குப் போகும் நாளில் டாக்டர் எங்கள் இருவரையும் எதிரெதிரே உட்கார வைக்கப் பார்த்தார். நான் சுவரோரமாக நின்றேன்.

"ஏன் என்கிட்ட கேக்கல?" என்றேன்.

"கேட்டா நீ பொய் சொல்லுவன்னு நினைச்சேன். நானா இருந்தா பொய்தான் சொல்லியிருப்பேன்" என்றாள். பிறகு மெதுவாக, "நான் உன்னைப் பாக்கலய்யா. என்னைத்தான் பாத்தேன்."

"இனிமே என் கண்ணுலயே படாத."

"சரி" என்றாள். அவளே டாக்டரிடம் சொல்லி இந்த வேலையிலிருந்து விலகி மறுபடி இஸ்திரிக்குப் போய்விட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். நினைத்தேன்தான், பொய் சொல்லவில்லை.

மே மாதம் மருத்துவக் குழுவில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் அந்தக் காகிதத்தை இரண்டு முறை படித்தார். பானை எறிந்தீர்களா என்றார். எறிந்தேன் என்றேன். கிரேன் கிடையாது, துறைமுக வாசலில் ஒரு தகரப் பெட்டி, அதற்குள் உட்கார்ந்து உள்ளே போகும் லாரிகளின் எண்ணைக் குறிக்கும் வேலை. சம்பளம் குறையாது என்று ஏதோ சலுகை போலச் சொன்னார்கள்.

பெட்டியிலிருந்து அண்ணாந்தால் என் கிரேன் தெரியும். வேறு ஒருவன் ஓட்டிக்கொண்டிருந்தான். கன்டெய்னரை இறக்கும்போது ஒரு குலுக்கல் விடுவான், நான் ஒருநாளும் விட்டதில்லை. முதலில் கோபம் வந்தது. உள்ளே வெளியே என்று நடந்தேன், லாரிக்காரர்களைத் திட்டினேன். ஜூன் நடுவில் கோபமும் போய்விட்டது. அது போனபிறகு எனக்குள் ஒன்றுமே இல்லை. லிடியா போன் செய்தால் நல்லா இருக்கேன் என்பேன். நர்ஸ் வந்தால் நல்லா தூங்கறேன் என்பேன். என்ன பதில் சொன்னால் ஆளை விடுவார்கள் என்பது எனக்கு மனப்பாடம்.

ஜூலையில் முடிவு செய்தேன். எப்படி என்பதை எழுத மாட்டேன். அது யாருக்கும் உபயோகமில்லை. என்றைக்கு என்று மட்டும் சொல்கிறேன், அடுத்து வந்த திங்கள்கிழமை. முடிவு செய்தபின் உடம்பு லேசாகிவிட்டது. பெட்டிக்குள் நாற்காலியில் சாய்ந்து எட்டு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மேலதிகாரி கண்ணாடியைத் தட்டி, "இப்பத்தான் டுல்லியோ ஒழுங்கா உக்காந்து வேலை பாக்கறீங்க" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை பிற்பகல் கதவு தட்டும் சத்தம்.

"யோவ் டுல்லியோ."

ஐந்து மாடி, லிஃப்ட் கிடையாது. குரலைவிட மூச்சுதான் அதிகம் கேட்டது. எழுந்து கதவருகே போனேன், திறக்கவில்லை.

"வீட்ல யாரும் இல்ல."

"அப்ப பேசறது யாரு, பூனையா?"

"உன்னை யார் அனுப்பினாங்க?"

"ஒருத்தரும் அனுப்பல. இன்னைக்கு எனக்கு லீவு. நான் வந்தது டாக்டருக்குக்கூடத் தெரியாது."

"லீவுன்னா போய்க் கடல்ல குளி."

"குளிக்கறேன். இப்ப உக்காந்துக்கறேன், முட்டி கழண்டு போச்சு." படியில் அவள் உட்காருவது கேட்டது. எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ஜெம்மா அம்மா தண்ணீர் வேண்டுமா என்றார். "குடுங்கம்மா, நல்லா இருப்பீங்க" என்று வாங்கிக் குடித்தாள். நான் கதவின் இந்தப் பக்கம் நின்றேன்.

"தினமும் பஸ்ல உன் கேட் வழியாத்தான் சலவையகத்துக்குப் போறேன்" என்றாள். "முன்னெல்லாம் நீ அந்தப் பொட்டிக்கு உள்ளயும் வெளியயும் அலைஞ்சுக்கிட்டு, எவனையாவது திட்டிக்கிட்டு இருப்ப. சரி, ஆள் நல்லாத்தான் இருக்கான்னு நினைச்சுக்குவேன். இந்த வாரம் நாலு நாளா நீ உக்காந்திருக்க. காலைலயும் பாத்தேன், சாயங்காலமும் பாத்தேன். அசையாம உக்காந்திருக்க."

"உக்காந்தா தப்பா?"

"மத்தவன் உக்காந்தா தப்பில்ல. நீ உக்காந்தா தப்பு."

தங்கை பார்க்கவில்லை, நர்ஸ் பார்க்கவில்லை. பஸ் ஜன்னலிலிருந்து இவள் பார்த்திருக்கிறாள். இந்த முறை அவள் பார்த்தது தன்னை இல்லை, என்னை.

"அன்னைக்கு நான் உன்கிட்ட ஒண்ணு கேட்டிருக்கணும்" என்றாள். குரல் மாறியிருந்தது. "வாய் வரைக்கும் வந்துச்சு. நீ பொய் சொல்லுவன்னு கேக்கலேன்னு எல்லார் முன்னாடியும் சொன்னேன் இல்ல? அதுதான் பொய். நீ ஆமான்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு பயந்துட்டேன். பயிற்சியில எல்லாம் சொல்லிக் குடுத்தாங்க, எல்லாம் தெரியும். நேர்ல ஒரு ஆளைப் பாத்து அந்த வார்த்தையக் கேக்க எனக்குத் தைரியம் வரல. அதான் டாக்டர்கிட்ட ஓடினேன். உன் கிரேன் போனது அதனாலதான். இப்பவும் தைரியம் இல்ல. இருந்தாலும் கேக்கறேன்."

நான் கதவில் கை வைத்தேன்.

"டுல்லியோ, நீ செத்துப் போயிடணும்னு நினைக்கிறியா?"

எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகக் கேட்டிருக்கிறார்கள். கஷ்டமாக இருக்கிறதா, பாதுகாப்பாக உணர்கிறீர்களா, மனசு எப்படி இருக்கிறது. அந்த வார்த்தையை ஒருவரும் வாயால் சொன்னதில்லை. இல்லை என்று சொல்ல நான் தயாராகத்தான் இருந்தேன். இல்லை என்று சொல்லியே பழகிய வாய்.

"ஆமா" என்றேன்.

வெளியே அவள் மூக்கைச் சிந்துவது கேட்டது.

"என்னைக்கு?"

"திங்கக்கிழமை."

"சரி" என்றாள். "சொன்னியே, அது போதும். இப்ப நான் டாக்டருக்குப் போன் பண்ணப் போறேன். உன்கிட்டதான் முதல்ல சொல்றேன், பாத்துக்கோ. வேண்டாம்னு நீ கத்தினாலும் பண்ணுவேன். நீ கதவத் திறந்தா உன் முன்னாடி பண்ணுவேன். திறக்கலேன்னா இங்கயே உக்காந்து உனக்குக் கேக்கற மாதிரி பண்ணுவேன். கீழ எறங்கிப் போக மாட்டேன்."

எண்ணை அழுத்தும் சத்தம் கேட்டது. நான் தாழ்ப்பாளை எடுத்தேன். அவள் மேல்படியில் உட்கார்ந்திருந்தாள், முகமெல்லாம் ஈரம், மூக்கு நுனி தலைமயிர் நிறத்தில் சிவந்திருந்தது. போனில் டாக்டர் குரல், "நீவெஸ்? என்ன, இன்னைக்கு லீவாச்சே?" என்றது. அவள் வாயைத் திறந்தாள். பேச்சு வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

அவள் கையிலிருந்து போனை நான் வாங்கினேன்.

"டாக்டர், டுல்லியோ பேசறேன். நான் நல்லா இல்ல. திங்கக்கிழமை வரைக்கும் என்னைத் தனியா விடாதீங்க. வண்டி அனுப்ப வேண்டாம், நானே வரேன். நீவெஸ் கூட இருக்கா."

"வாங்க. வாசல்ல நிக்கறேன்" என்றார் டாக்டர்.

நீவெஸ் கைப்பிடியைப் பற்றி எழுந்தாள். "நடந்து வருவேன்னு மட்டும் சொல்லிடாத, அடிச்சுப் போட்டுடுவேன்" என்றாள். பஸ்ஸில்தான் போனோம். மையம் வரும்வரை அவள் என் சட்டைக் கையை விடவில்லை, நானும் விடச் சொல்லவில்லை.